நூற்றுப் பன்னிரண்டு நலம்

கோரைத்தீவு,
கர வருடம், ஐப்பசி 21

நயினார்கோவில் சேதுராமன் வாத்தியார் ஐயா அவர்களுக்கு, முன்பின் அறியாத மெஹருன்னிசா வணக்கம் சொல்லி எழுதுவது.

இந்தக் கடிதம் பஞ்சம்மாளுக்கு உரியது. அவருக்கு எழுத்துத் தெரியாது, வருவதையெல்லாம் நீங்கள்தான் வாசித்துக் காட்டுகிறீர்கள் என்பதால் முதல் நாலு வரி உங்களுக்கு. கடிதத்தின் உச்சியில் பிள்ளையார் சுழி இருக்காது. மறந்துவிட்டார்கள் போல என்று நினைத்து, புரட்டாசிக் கடிதத்தில் செய்த மாதிரி நீங்களே பென்சிலால் போட்டுவிடாதீர்கள். முதலில் உங்களுக்குள் படியுங்கள். பிறகு அவரை உட்காரச் சொல்லி, பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் வாசியுங்கள். எழுத்துப் பிழை இருந்தால் பிழையோடேயே வாசியுங்கள். புண்ணியமாய்ப் போகும்.

அன்புள்ள மதினிக்கு,

உங்கள் வீட்டுக்காரர் பூமிநாதனை நான் அண்ணன் என்றுதான் கூப்பிட்டேன். அந்த முறையில் நீங்கள் எனக்கு மதினி. நான் திருப்பாலைக்குடி வாவு முகம்மது மகள். வயது பத்தொன்பது. எட்டாவது வரை படித்தவள். வாய் நீளம் என்று ஊரில் பேர். அந்த வாயை வைத்துக்கொண்டு இதை எப்படிச் சொல்வது என்று நாலு நாளாகத் தெரியவில்லை. சுற்றி வளைத்தால் உங்களுக்கு இன்னும் கஷ்டம்.

அண்ணன் இறந்துபோய்விட்டார். ஆவணி பன்னிரண்டு, செவ்வாய்க்கிழமை, அமாவாசைக்கு நாலு நாள் முந்தி, மதியம். ஆவணிக் கடைசியிலும் புரட்டாசியிலும் இந்த ஐப்பசியிலும் அவர் பேரில் உங்களுக்கு வந்த கடிதங்களை எழுதியவள் நான்.

வாத்தியார் ஐயா, கொஞ்ச நேரம் நிறுத்துங்கள். மதினி அழட்டும். தண்ணீர் கொடுங்கள்.

மதினி, இனிமேல் சொல்வதை நீங்கள் கேட்டே ஆகவேண்டும். இந்த ஐப்பசி இருபத்தெட்டாம் தேதி மண்டபம் துறைக்கு வரும் கம்பெனிப் படகில் ஏறாதீர்கள். பிள்ளைகளையும் ஏற்றாதீர்கள். "நீயும் பிள்ளைகளும் புறப்பட்டு வாருங்கள், இங்கே வீடு தயார்" என்று புரட்டாசியில் உங்களைக் கூப்பிட்டது இந்தப் பாவி கைதான். அதற்கு நீங்கள் எழுதிய பதிலையும் நான்தான் படித்தேன். ஆட்டை விற்றுவிட்டேன், பெரியவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டேன், சின்னவனுக்கு அய்யா முகம் மறந்துபோச்சு, பெரியவ மறக்கலை, வந்து சேர்ந்ததும் உங்களை ஒரு பிடி பிடிக்கிறேன் பாருங்க என்று எழுதியிருந்தீர்கள். 

ஊர் பேர் தெரியாத ஒருத்தி எழுதுகிறாள், இவளை எப்படி நம்புவது என்று உங்களுக்குத் தோன்றலாம். தோன்றத்தான் வேண்டும். இந்தத் தாளைத் திருப்பிப் பாருங்கள். வாத்தியார் ஐயாவின் கையெழுத்து இருக்கும். நீங்கள் அண்ணனுக்கு எழுதிய ஐந்து கடிதங்களின் முதுகில்தான் இதை எழுதுகிறேன். நல்ல வேளை, வாத்தியார் எப்போதும் ஒரு பக்கம்தான் எழுதுவார். இங்கே வெள்ளைத் தாளுக்கெல்லாம் வரிசை எண் உண்டு, ஒன்று குறைந்தாலும் கேள்வி வரும். வீடுகளிலிருந்து வரும் கடிதங்கள் ஆபீஸில் ஒரு தகரப்பெட்டிக்குள் போகும். யாருக்குக் கொடுப்பதும் இல்லை. மானேசர் படித்து முடித்ததும் உரியவரைக் கூப்பிட்டு "வீட்டில் நலம்" என்று ஒரு வார்த்தை சொல்வார். அவ்வளவுதான். உரியவர் கையில் கொடுக்காத கடிதம் உங்கள் கைக்கே திரும்பி வந்தால், அதைவிடச் சாட்சி நான் என்ன தருவது?

இந்த இடம் என்ன மாதிரி என்று சொல்லிவிடுகிறேன். மண்டபத்திலிருந்து காற்று வாக்கில் அரை நாள் தூரம். முந்நூறு பேர் இருக்கிறோம். முக்கால்வாசிப் பேர் இலங்கைக்குப் போகப் பெர்மிட் கேட்டு மண்டபத்தில் காத்துக் கிடந்தவர்கள். மழையும் இல்லை, வயலும் இல்லை, ஊர் திரும்பினால் கஞ்சியும் இல்லை. "பெர்மிட் வர்றமட்டும் தீவுல கல்லெடுங்க, சோறு உண்டு" என்று கம்பெனி ஆள் வந்து கூப்பிட்டான். நானும் வாப்பாவும் அப்படித்தான் வந்தோம். கடலுக்கடியில் இருக்கும் கல்லை உடைத்துக் கரையேற்றி, காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பாக்க வேண்டும். எங்கே பார்த்தாலும் வெள்ளைத் தூசி. மரம் வெள்ளை, ஆள் வெள்ளை, இமை மயிர்கூட வெள்ளை. இத்தனை நாளில் ஒரு காக்கையை நான் பார்க்கவில்லை. முதல் வாரம் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

வந்த அன்றைக்கே ஆளுக்கொரு பித்தளை வில்லை கழுத்தில் தொங்கவிட்டார்கள். அண்ணனுக்கு நூற்றுப் பன்னிரண்டு. அதற்குப் பிறகு பேர் சொல்லக் கூடாது. காலையில் மணி அடித்ததும் வரிசையில் நிற்க வேண்டும். மானேசர் ஒவ்வொருவர் முன்னாலும் நின்று "நலமா?" என்பார். "நூற்றுப் பன்னிரண்டு நலம்" என்று சொன்னால் ஒரு செம்பு தண்ணீர். சொல்லாவிட்டால் தண்ணீர் இல்லை. தீவில் ஊற்று கிடையாது, குடிக்கிற தண்ணீர் அத்தனையும் வத்தை என்கிற பாய்மரப் படகில் பீப்பாய் பீப்பாயாக வருவது. அடிக்கிற ஆள், கம்பு, பூட்டு எதுவும் இங்கே வேண்டியிருக்கவில்லை. முந்நூறு பேரும் நலம் நலம் என்று சொல்கிற சத்தம் மசூதியில் ஆமீன் சொல்கிற மாதிரி ஒரே குரலாகக் கேட்கும். 

மானேசர் எந்த ஊர்க்காரர் என்று ஒருவருக்கும் தெரியாது. தமிழைப் புத்தகத்தில் படித்தவர். குரலை உயர்த்தவே மாட்டார். யாரையும் நீ என்று சொல்ல மாட்டார். "கவலை ஒரு தொற்றுநோய். ஒருவர் வாயிலிருந்து பத்துப் பேருக்குப் பரவும். ஆகையால் சில சொற்களை இத்தீவில் தவிர்க்கிறோம்" என்று பட்டியல் ஒட்டி வைத்திருக்கிறார். சாவு, காய்ச்சல், பசி, தாகம், ஊர், அழுகை. காய்ச்சலுக்கு இங்கே பேர் சோம்பல். இறந்துபோனால் மாற்றல். "இன்னார் அக்கரைக்கு மாற்றலாகிவிட்டார்" என்று பதிவேட்டில் எழுதுவார். நம் பக்கத்தில் அக்கரை என்றால் இலங்கைதானே. ஆறு மாதம் வரைக்கும் பாதிப் பேர் அதை நம்பினார்கள், கொடுத்து வைத்தவன் பெர்மிட் வந்து போயிட்டான் என்று பொறாமைகூடப் பட்டார்கள். அட ஆண்டவனே என்று தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல இருக்கும்.

மதியம் பன்னிரண்டுக்கு இன்னொரு மணி அடிக்கும். எல்லோரும் மணலில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூட வேண்டும். ஒரு மணி நேரம் யாரும் கண் திறக்கக் கூடாது. உச்சி வெயிலில் முந்நூறு பேர் வெள்ளை வெளேரென்று வரிசையாகப் படுத்துக் கிடப்பார்கள். தூங்குகிறவர் யார், தூங்காதவர் யார் என்று பார்த்தால் தெரியாது. ஆபீஸில் கடிதம் எழுதுகிறவள் என்பதால் எனக்கு மட்டும் உட்கார அனுமதி. இந்தக் கடிதத்தை அந்த ஒரு மணி நேரத்தில்தான் நாலு நாளாக எழுதுகிறேன்.

அண்ணன் போனதும் அந்த நேரத்தில்தான். மூன்று நாளாகக் கொதிக்கிற காய்ச்சல். சோம்பல் என்று எழுதி வேலைக்கு அனுப்பினார்கள். அன்றைக்குக் காலையில் நாக்கு ஒட்டிக்கொண்டு "நலம்" என்ற சொல் வரவில்லை. தண்ணீர் கிடைக்கவில்லை. நான் என் செம்பில் பாதியை வைத்திருந்தேன், கொடுக்க வழி இல்லாமல் போயிற்று. ஒரு மணிக்கு மணி அடித்தது. எல்லோரும் எழுந்தார்கள். அவர் எழவில்லை. பக்கத்தில் படுத்திருந்தவன்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் அவனுக்குச் சாயங்காலத் தண்ணீர் போய்விடும். ஜன்னல் வழியாக நான் பார்த்துக்கொண்டு இருந்தேன். அவருடைய உடம்பை எங்கே வைத்தார்கள் என்று கேட்காதீர்கள் மதினி. இந்தத் தீவுச் சுண்ணாம்பை மட்டும் வாங்கி வீட்டுக்கு அடிக்காதீர்கள்.

அவரைப் பற்றி நல்லதும் சொல்ல வேண்டும். உங்களுக்கு எழுதுகிற நாள் வந்தால் முகம் கழுவிவிட்டு வந்து நிற்பார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். "எம் பொஞ்சாதி கோவக்காரி தாயி. அவ மட்டும் இங்கன வந்தா இந்தத் தீவு ரெண்டாப் போகும். அந்த மானேசரு பாவம்" என்று சொல்லிச் சிரிப்பார். சிரிப்புக்குத் தடை இல்லை, அதனால் சத்தமாகவே சிரிப்பார். என்னை நூற்று அறுபது என்று ஒரு நாளும் அவர் கூப்பிட்டதில்லை.

இப்போது என் பாவத்தைச் சொல்கிறேன். என் வாப்பா சித்திரை மாதம் மவுத்தாகிவிட்டார். கல் சரிந்து விழுந்தது. அன்று சாயங்காலம் மானேசர் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, என் கைக்குப் பேனா கொடுத்தார். "உங்கள் கையெழுத்து அழகாக இருக்கிறது. தந்தையார் எழுதுவது போலவே உங்களால் எழுத முடியும் என்று அறிகிறேன். உங்கள் தாயார் கவலைப்படக் கூடாது அல்லவா?" என்றார். சத்தியமாகச் சொல்கிறேன், அதை நான் நன்மை என்றுதான் நினைத்தேன். உம்மாவுக்கு இதயம் பலவீனம். தனியாகக் கேட்டால் தாங்க மாட்டாள், நான் போய்ச் சேர்ந்து பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்து எழுதினேன். ஒன்று எழுதினேன், இரண்டு எழுதினேன். பிறகு மற்றவர்களுக்கும் எழுதச் சொன்னார். இன்றைக்கு இறந்துபோன நாற்பத்தொரு பேர் பேரில் நான் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொருவர் பேசுகிற தினுசும் எனக்கு அத்துப்படி. ஒருத்தர் பேரனுக்கு முத்தம் சொல்வார், ஒருத்தர் பசு கன்று போட்டதா என்று கேட்பார். செத்தவர்கள் எல்லாம் என் கைவிரலில் குடியிருக்கிற மாதிரி சில நேரம் தோன்றும். அப்போது கையை உப்புத் தண்ணீரில் முக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன்.

உங்களுக்குச் சொல்லாமலே இருந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். இரண்டு தடவை ஜாடையாகச் செய்தி அனுப்பினேன். சாவுச் செய்தி எழுதுகிற கடிதத்தில் உங்கள் ஆட்கள் பிள்ளையார் சுழி போடுவதில்லை என்று எனக்குத் தெரியும். மானேசருக்கு அது தெரியாது. அதனால் புரட்டாசிக் கடிதத்தில் சுழியை விட்டுவிட்டு, உள்ளே நலம் நலம் என்று எழுதி நீட்டினேன். அவர் சிவப்புப் பென்சிலை வைத்துக்கொண்டு முழுவதும் படித்தார், ஒரு கோடும் போடாமல் முத்திரை குத்தினார். அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. மதினி பார்த்ததும் புரிந்துகொள்வார், பிழைத்தார் என்று நினைத்தேன். பதினைந்து நாள் கழித்து உங்கள் பதில் வந்தது. "சுழி போட மறந்திட்டீக, வாத்தியார்தான் இது ஆகாதுன்னு பென்சிலால போட்டுட்டு அப்புறமா வாசிச்சாக. அங்க போயி சாமியையும் மறந்தாச்சா?" என்று ஏசியிருந்தீர்கள். வாத்தியார் ஐயா மேல் எனக்குக் கோபம் இல்லை. பிழை கண்டால் திருத்தாமல் அவரால் இருக்க முடியுமா? ஆனாலும் அன்றைக்கு நான் பெஞ்சில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியாது.

இரண்டாவது தடவையை நானாகச் செய்யவில்லை, மானேசரே செய்தார். அண்ணன் தன் கடிதம் எல்லாவற்றையும் "போயிட்டு வாரேன் புள்ள" என்றுதான் முடிப்பார். போன கடிதத்தில் அதே மாதிரி எழுதி வைத்தேன். மானேசர் அந்த வரியில் பென்சிலை நிறுத்தினார். "போகிறாரா, வருகிறாரா? ஒருவர் இரண்டும் எப்படிச் செய்வார்? தெளிவாக எழுதுங்கள்" என்று சொல்லி, 'போயிட்டு வாரேன்' என்பதை அடித்துவிட்டு 'போறேன் புள்ள' என்று தாமே திருத்தினார்.  நம் ஊரில் பக்கத்துத் தெருவுக்குப் போகிறவன்கூடப் போறேன் என்று சொல்வானா? சொன்னால் பெற்றவள் வாயில் அடித்துவிடுவாள். அண்ணன் செத்த செய்தியை மானேசரே தன் கையால் எழுதி முத்திரை குத்தி அனுப்பினார். உறையை ஒட்டிக் கொடுத்தவள் நான்.

அந்தக் கடிதம் உங்களுக்கு வந்திருக்கும். அந்த வரியை வாத்தியார் எப்படி வாசித்தார் என்று எனக்குத் தெரியாது. இருந்தபடி வாசித்திருந்தால் உங்களுக்கு அன்றைக்கே உண்மை தெரிந்திருக்கும். ஐயோ பாவம் இதையும் தப்பாக எழுதிவிட்டான் என்று அவரே "போயிட்டு வாரேன்" எனக் கூட்டி வாசித்திருந்தால் நீங்கள் இப்போது மூட்டை கட்டிக்கொண்டு இருப்பீர்கள். பதில் வரும் என்று எட்டு நாள் பார்த்தேன். வரவில்லை. அதற்குமேல் ஜாடை மாடையாக எழுதிக்கொண்டிருக்க நேரம் இல்லை என்று தெரிந்துபோயிற்று.

நீங்கள் வந்தால் என்ன நடக்கும் என்பதையும் சொல்கிறேன், அப்போதுதான் உங்களுக்கு மனசு உறுதிப்படும். இறந்தவரின் வில்லையை இங்கே சும்மா வைப்பதில்லை. மறுநாளே புது ஆள் ஒருவர் கழுத்தில் ஏறும். எண்ணிக்கை குறையவே குறையாது. இப்போது நூற்றுப் பன்னிரண்டாக இருப்பது முனியசாமி என்று ஒரு பையன், இருபது வயது, கல்யாணம்கூட ஆகவில்லை. அண்ணன் போன மறுநாள் காலை அவன் வரிசையில் அதே இடத்தில் நின்று "நூற்றுப் பன்னிரண்டு நலம்" என்றான்.  போன வாரம் நான் மானேசரிடம் தைரியத்தைக் கூட்டிக்கொண்டு கேட்டேன், அந்த அம்மாள் குடும்பத்தோடு வந்து இறங்கினால் யாரைக் காட்டுவீர்கள் என்று. அவர் ஆச்சரியமாக என்னைப் பார்த்தார். "நூற்றுப் பன்னிரண்டு இருக்கிறாரே. குடும்பம் அவரிடம் சேரும். சிறு குழந்தைகள் விரைவில் பழகிவிடுவார்கள். அந்த அம்மையாருக்குச் சில மாதம் ஆகும்" என்றார். கேலி செய்கிறாரா என்று முகத்தை உற்றுப் பார்த்தேன். கேலி இல்லை. காளவாய்க்குச் சில்லுக்கல் சுமக்கப் பெண்களும் பிள்ளைகளும் வேண்டுமாம், பதினொரு குடும்பத்துக்கு இப்படி எழுத வைத்திருக்கிறார்.

முனியசாமியிடம் இதைச் சொன்னேன். "எக்கா, அந்தப் பிள்ளைக ஓடியாந்து என்னை அய்யான்னு கூப்பிட்டா நான் என்ன செய்வேன்? நான் இல்லைன்னு சொன்னா தண்ணி கிடையாதே. ஆமான்னு சொல்ல என் நாக்கு எப்படி வரும்?" என்று கேட்டான். அவன் என்னைவிட ஒரு வயது மூத்தவன், ஆனாலும் எக்கா என்பான்.  அன்றைக்குத்தான் தகரப்பெட்டியைத் திறந்து உங்கள் கடிதங்களை எடுத்தேன்.

ஆபீசருக்கு மனுப் போட்டால் என்ன என்று வாத்தியார் கேட்பார். கரையில் யாரோ போட்டார்கள். போன தையில் தொப்பி போட்ட ஒருத்தர் வந்தார், எந்த இலாகாவோ. வரிசையில் நிற்க வைத்து "குறை உண்டா?" என்று கேட்டார். முந்நூறு பேரும் நலம் என்றோம். நானும்தான் சொன்னேன், இரண்டாவது வரிசையில் நின்றுகொண்டு நல்ல சத்தமாகவே. அவருக்கு இளநீர் கொடுத்து அனுப்பினார்கள். அதனால் வெறும் வார்த்தைக்கு மதிப்பில்லை. உங்கள் கையில் இருக்கிற கடிதங்களையும் இந்தத் தாள்களையும் சேர்த்து ராமநாதபுரத்துக்கு எடுத்துப் போங்கள். வாத்தியார் கூட வந்தால் நல்லது. கடைசித் தாளில் நாற்பத்தொரு பேரின் பேர், ஊர், இறந்த தேதி எழுதியிருக்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் இருபத்தெட்டாம் தேதி விடியற்காலையில் மண்டபம் துறைக்குப் போங்கள். ஏறுவதற்குப் போகாதீர்கள், நிறுத்துவதற்குப் போங்கள். இன்னும் பத்துக் குடும்பம் மூட்டை முடிச்சோடு அங்கே நிற்கும். அவர்களுக்கு இதை வாசிக்க வேண்டும். உங்களுக்குக் கோபம் வரும் என்று அண்ணன் சொல்வாரே, அந்தக் கோபம் அன்றைக்கு வேண்டும்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிறவர் சதக் காக்கா. தண்ணீர் வத்தைக்காரர், எங்கள் ஊர். முதலில் மாட்டேன் என்றார். "தாயி, கண்டுபிடிச்சா வத்தையப் புடுங்கிருவாக, எனக்கும் நாலு புள்ளைக" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பிறகு நான் வாப்பா சித்திரையிலேயே மவுத்தாகிவிட்டார் என்று சொன்னேன். அவர் என்னைப் பைத்தியம் என்கிற மாதிரி பார்த்தார். "போன வாரந்தானே அவுக கடுதாசிய நான் தபால்ல போட்டேன்? மச்சான் சொகமா இருக்காகன்னு உங்க உம்மாட்டயும் சொன்னேனே?" என்றார். அதை எழுதியது நான்தான் என்றேன். அவர் பீப்பாயை இறுகப் பிடித்துக்கொண்டார். அப்புறம், "ரெண்டு வருசமா முந்நூறு பேருக்குத் தண்ணி கொண்டாறேன், ஒரு செம்பு கூடவுமில்ல குறையவுமில்ல. எனக்கு அப்பவே ஒறைச்சிருக்கணும்" என்று சொல்லிவிட்டு, வத்தைப் பாயில் ஒட்டுப் போட்ட இடத்தைக் காட்டினார். அந்த ஒட்டுக்குள் வைத்துத் தைத்து அனுப்புகிறேன். மீன் நெய் வாடை அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னையும் பாய்க்குள் சுருட்டிக் கொண்டுபோய்விடுகிறேன் என்று காக்கா கெஞ்சினார். ஆசை இல்லாமல் இல்லை மதினி. எனக்கும் உயிர்மேல் ஆசைதான், நான் அவுலியாவோ மகானோ இல்லை. ஆனால் சாயங்கால மணிக்கு எண்ணிக்கையில் ஒரு ஆள் குறைந்தால், தீவைச் சுற்றிக் கடலுக்கடியில் இருக்கும் பார்க்கல்லை வத்தை தாண்டுவதற்குள் கம்பெனி மோட்டார் படகு பிடித்துவிடும். பிடித்தால் நானும் இல்லை, காக்காவும் இல்லை, கடிதமும் இல்லை. நான் இங்கே நின்று "நூற்று அறுபது நலம்" என்று சொன்னால்தான் கடிதம் கரைக்கு வரும். அதனால் இன்று சாயங்காலம் ஒரே ஒரு தடவை அந்தப் பொய்யை மனசாரச் சொல்லப் போகிறேன்.

நாளைக் காலையில் சொல்ல மாட்டேன். தகரப்பெட்டியை நாளைக்கு எண்ணுவார்கள், ஐந்து குறைவது தெரிந்துதான் போகும். அதற்கு முன்னால், மானேசர் என் முன்னால் வந்து நலமா என்று கேட்கிறபோது, அந்த நாற்பத்தொரு பேரையும் பேர் ஊர் சொல்லி வாய்விட்டு வாசிக்கப் போகிறேன். எனக்கு மனப்பாடம். நூற்றுப் பன்னிரண்டு வருகிறபோது முனியசாமியும் தன் பேரைச் சொல்கிறேன் என்றிருக்கிறான். சொல்வானோ பயப்படுவானோ, அல்லாஹ் அறிவான். அவன் சொல்லாவிட்டாலும் நான் சொல்வேன். ஒரு வாரமாக ஒரு சின்னப் பெண்ணை என் பக்கத்தில் உட்கார வைத்து, என் கையெழுத்தைப் பழக்கச் சொல்கிறார் மானேசர். கெட்டிக்காரி, என்னைப் போலவே எழுத வந்துவிட்டது. எதற்கு என்று நான் கேட்கவில்லை.

மதினி, அண்ணனுக்குச் செய்ய வேண்டிய கருமாதியைச் செய்யுங்கள். தேதி சரியாகத்தான் கொடுத்திருக்கிறேன். மூன்று மாதம் உங்களைப் பூவும் பொட்டுமாக ஏமாற்றியதற்கு என்னை எப்படி வேண்டுமானாலும் ஏசுங்கள். ஏசிவிட்டு எனக்கு ஒரு காரியம் செய்யுங்கள். திருப்பாலைக்குடிக்கு ஒரு நடை போய்வர வேண்டும். பள்ளிவாசலுக்கு வடக்கே உம்மு ஹபீபா வீடு என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். ஆண்களை விட்டுச் சொல்ல வேண்டாம். நீங்கள் உள்ளே போய், பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு சொல்லுங்கள். இன்னொருத்தி சொன்னால் அவள் நம்ப மாட்டாள், உங்கள் முகத்தைப் பார்த்தால் நம்புவாள்.

எங்களில் கணவன் இறந்தால் மனைவி நாலு மாதம் பத்து நாள் இத்தா இருக்க வேண்டும். வெளியே வராமல், நகை போடாமல், அவனுக்காக ஓதிக்கொண்டு இருக்கிற காலம். என் உம்மா அத்தனை நாளும் வளையல் போட்டுக்கொண்டு, என் கடிதத்தைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு, அவர் வருவார் என்று மீன் கருவாடு போட்டு வைத்திருந்தாள். அந்த நாலு மாதம் பத்து நாளை என் கையெழுத்து தின்றுவிட்டது. கெடு கடந்துபோனது, இனி இருக்கத் தேவையில்லை என்று பள்ளிவாசல் லெப்பை சொல்லக்கூடும். உம்மா கேட்க மாட்டாள். இருக்கட்டும், தடுக்காதீர்கள். வாப்பாவுக்கு அதையாவது கொடுக்கட்டும்.

ஆனால் அவருக்கு மட்டும்தான் என்று சொல்லுங்கள். மகளுக்கு இத்தா கிடையாது. மகள் கையெழுத்தில் இனிமேல் கடிதம் வந்தால், நலம் என்று எத்தனை அழகாக எழுதியிருந்தாலும், வாசிக்காமல் அடுப்பில் போடச் சொல்லுங்கள்.

பெரியவளைத் திரும்பப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடுங்கள் மதினி. அவளுக்கு வருகிற கடிதத்தை அவளே வாசிக்கட்டும். உங்கள் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளைத் தரட்டும். நீங்கள் கரையிலேயே இருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்,
வாவு முகம்மது மகள் மெஹருன்னிசா,
திருப்பாலைக்குடி.